சுங்க அதிகாரியின் தோளில் எட்டுப் பேர்

தபோலா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு முன்.

பெருமதிப்புக்குரிய பெரியப்பா கெமொகோ கோந்தே அவர்களுக்கு, தங்கள் தம்பி மகன் லான்சினே பணிவுடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் அமைதியா? பெரியம்மாவுக்கு அமைதியா? ஆடுகளுக்கு அமைதியா? ஆற்றுத் தண்ணீர் அமைதியா? தங்கள் முழங்கால் அமைதியா? இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி அமைதி என்ற அந்தப் பொருள் குருஸ்ஸாவில் மிச்சம் இருந்தால் கொஞ்சம் கொடுத்தனுப்பவும், இங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றுதான் காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் தாங்கள் எடுத்து, "ஆ? யாரு? சத்தமாப் பேசு" என்றீர்கள். சத்தமாகப் பேசினேன். "எதுக்குடா கத்துற?" என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே கடிதம். குருஸ்ஸா டாக்ஸி ஏழு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், இதுவரை மூன்று பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், அதற்குள் எழுதி முடித்துவிடுவேன். எங்கள் சர்க்கஸ் லாரிக்குள் பலாஃபோன் வாத்தியப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். வெளியே லாரியைக் கழுவுகிறார்கள், லாரி ஆடுகிறது, நானும் ஆடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது மரியாதைக் குறைவு அல்ல.

முதலில் முக்கியமான விஷயம். தாங்கள் ஞாயிற்றுக்கிழமை கோலாக்கொட்டை எடுத்துக்கொண்டு நாந்தெனினைப் பெண் கேட்கத் தபோலாவுக்கு வர வேண்டாம். வரவே வேண்டாம். கொட்டையை வாங்கிவிட்டீர்கள் என்றால் நீங்களும் பெரியம்மாவும் மென்று தீர்த்துவிடுங்கள். கல்யாணப் பேச்சு முடிந்துபோன கதை. எப்படி முடிந்தது என்று சொன்னால் தங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், எனவே தங்களுக்கு வருத்தம் வரட்டும்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. போன மாதம் தாங்கள் எனக்காக இந்த ஊருக்கு வந்து, நாந்தெனினின் அப்பா ஃபாமொரோ திராவோரே அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, என் போட்டோவைக் காட்டி, கோழி தின்று, "பையன் என்ன பண்றான்?" என்று அவர் கேட்டதற்கு, "கொனாக்ரி துறைமுகத்துல சுங்க அதிகாரி" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். தங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. பாணர்கள் நம்மைப் பாடுவதற்காக இருக்கிறார்கள், நாம் அவர்கள் பாட்டுக்குக் குட்டிக்கரணம் போடுவதற்காக இல்லை என்று தாங்கள் எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். கோந்தே குலத்தில் பிறந்த ஒருவன் சர்க்கஸில் மேளத்துக்கு நிற்கிறான் என்பதைச் சொல்லத் தங்கள் நாக்கு எழவில்லை. ஆனால் பெரியப்பா, ஆசிரியர் என்று சொல்லியிருக்கலாமே? தையல்காரன் என்றாவது சொல்லியிருக்கலாமே? துறைமுகத்தை நான் பயிற்சிக் கூடத்துக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி.

அன்றிலிருந்து ஃபாமொரோ மாமா சனிக்கிழமை தவறாமல் போன் செய்கிறார். முப்பது வருடம் எண்ணெய் ஆலையில் மேஸ்திரியாக இருந்த மனிதர், எதையும் விவரமாகக் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. "மாப்ள, இந்த வாரம் எத்தனை கப்பல்?" என்பார். நான் ஏழு என்பேன். "என்ன வந்துச்சு?" என்பார். அரிசி என்பேன். மூன்றாவது வாரம், "ஏன் மாப்ள, உங்க துறைமுகத்துக்கு அரிசியைத் தவிர வேற எதுவுமே வராதா?" என்றார். பதறிப்போய் யானை வந்தது என்று சொல்லிவிட்டேன். யானையை எந்த நாட்டிலிருந்து, எதற்காக, என்ன தீனி போட்டு என்று அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நாந்தெனினுக்கு எல்லாம் தெரியும். அவள் கொனாக்ரியில் மருத்துவச்சிப் படிப்பு படித்தபோது, பயிற்சியில் நழுவிப்போன என் தோள்பட்டையைப் பிடித்து உள்ளே தள்ளியவளே அவள்தானே. நிக்காஹ் முடிந்ததும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தக் கணக்கில் தபோலாவில் எங்கள் கலூம் வௌவால் சர்க்கஸ் ஆடுவதாக இல்லவே இல்லை.

மமூவில் ஆடிவிட்டுத் திரும்பிப் போவதாகத்தான் ஏற்பாடு. மமூ மைதானத்தில் அன்றைக்கே கால்பந்து இறுதி ஆட்டம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் கம்பம் நட்டுக்கொண்டிருக்கும்போது இருபத்திரண்டு பேர் பந்தோடு வந்து நின்றார்கள். எங்கள் முதலாளி யாமூசா கடற்கரைக்காரர், சும்மா நின்றால் அவருக்குக் கால் அரிக்கும். "லாரியை எடு, அடுத்த ஊருக்குப் போவோம்" என்றார். அடுத்த ஊர் எது என்று நான் கேட்கவில்லை. பாதி வழியில் தபோலா போகும் பாலத்தைப் பார்த்த பிறகுதான் எங்கே போகிறோம் என்று தெரிந்தது.

"அண்ணே, தபோலாவுல மட்டும் என்னை விட்ருங்க" என்றேன். "வயித்து வலின்னு சொல்லிருங்க."

"வயித்து வலியை ஏற்கெனவே நாபிக்குக் குடுத்தாச்சு. ஒரு ஊருக்கு ஒருத்தன்தான்" என்றார்.

அது உண்மை. எனக்கு மாற்றாளாக இருக்கும் நாபி முந்தின நாள் கடலைக் குழம்பைச் சூடு பண்ணாமல் தின்றுவிட்டு லாரியின் பின்பக்கம் சுருண்டு கிடந்தான்.

"எங்க மாமனார் ஊருண்ணே."

"அப்ப நல்லதாப் போச்சு. குடும்பத்தோட வரச் சொல்லு, முன் வரிசை போட்டுருவோம்."

"நான் சுங்க அதிகாரின்னு சொல்லி வச்சிருக்குண்ணே."

யாமூசா சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். அவருக்கும் சொன்னார்கள். அதற்குப் பிறகு லாரியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "சார், என் பையைச் சோதனை போடுங்க சார்" என்று ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். "மேட்டு நாட்டுக்காரனுக எல்லாம் மாமனாரைக் கண்டா ஏன்டா இப்படி நடுங்குறீங்க? எங்க ஊர்ல மாமனார்தான் நடுங்குவாரு" என்றார் யாமூசா. நான் போய் நாபிக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டேன்.

என் வேலை என்ன என்று தாங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை, அதனால் இப்போது சொல்கிறேன். நான் ஆடுகிறவன் அல்ல, நிற்கிறவன். என் தோளில் இரண்டு பேர் ஏறுவார்கள், அவர்கள் தோளில் இரண்டு பேர், என் இரண்டு தொடையிலும் ஒவ்வொருவர், முதுகில் ஒருவன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பான், எல்லாவற்றுக்கும் உச்சியில் எம்பாலியா என்ற பெண் ஒற்றைக் கையை ஊன்றித் தலைகீழாக நிற்பாள். மொத்தம் எட்டுப் பேர். கீழே நான் ஒருவன். நான் அசைந்தால் எம்பாலியாவின் கழுத்து போய்விடும். ஆகவே நான் அசைவதில்லை. ஒன்பது வருடமாக ஒருமுறைகூட அசைந்ததில்லை. இது சுங்க அதிகாரி வேலையைவிடக் கேவலமானதா என்று தாங்களே சொல்லுங்கள்.

கடைசியில் யாமூசா ஒரு வழி சொன்னார். முகமூடி ஆட்டத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பனைநார் உடையைப் போட்டுக்கொள், தலையிலிருந்து கால்வரை நார், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை, உன் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது என்றார். போட்டுக்கொண்டேன். அரித்தது. அரித்தாலும் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் வெளியே வந்து பார்த்தால், எங்கள் பாடகி, பாணர் குலத்து மாகூரா கூயாத்தே அம்மாள் லாரியின் மேல் உட்கார்ந்து ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொருவன் உள்ளே வரும்போதும் அவன் பெயர், அவன் அப்பன் பெயர், குலம், ஊர் எல்லாவற்றையும் அந்த அம்மாள் பாடித்தான் அழைப்பார். என் முறை வந்தால் 'லான்சினே கோந்தே' என்று முழு ஊருக்கும் கேட்கும். நாரோடு ஓடினேன். தெருவில் இரண்டு ஆடுகள் மிரண்டு ஓடின.

"அம்மா, இன்னைக்கு என் பேரை மட்டும் சொல்லாதீங்க."

"ஏன் ராசா, பேரை எங்கயாவது திருடிட்டு வந்தியா?"

"எங்க மாமனார் இந்த ஊருலதான் இருக்காரு."

"இருக்கட்டுமே. என் வாயால உன் பேரைக் கேக்க அவரு குடுத்து வச்சிருக்கணும்."

கெஞ்சினேன். அசையவில்லை. அப்போதுதான் பெரியப்பா, நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். நாந்தெனினுக்காக லாபேயில் வாங்கிவைத்திருந்த நீலச் சாயத் துணியை எடுத்து அந்த அம்மாளின் மடியில் வைத்தேன். அவர் அதை விரித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், கண் கலங்கிவிட்டது. "கூயாத்தே வாயைத் திறக்கத்தான் எல்லாரும் குடுப்பாங்க. மூடுறதுக்குக் குடுத்தவன் நீதான் மொத ஆளு. சரி, சத்தியம். உன் பேரு என் நாக்குல வராது" என்றார்.

அசர் தொழுகை முடிந்து ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நாரின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். முன் வரிசையில் வெள்ளை அங்கியோடு ஃபாமொரோ மாமா, பக்கத்தில் நாந்தெனின், இரண்டு பக்கமும் அவர்கள் சொந்தக்காரர்கள். சின்ன ஆட்டங்கள் போயின. பலாஃபோன் இரண்டும் சேர்ந்துகொண்டன. என் முறை வந்தது. உள்ளே நடந்தேன், கால் அகட்டி நின்றேன், எட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள். எம்பாலியா உச்சியில் கையை ஊன்றினாள். கூட்டம் மூச்சு விடவில்லை. மாகூரா அம்மாள் நடு மேடைக்கு வந்தார், தோளில் அந்த நீலத் துணி.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாணர் ஒருவருக்குப் பரிசு கொடுத்தால் கொடுத்தவனைச் சபையில் வாழ்த்தியாக வேண்டும், வாழ்த்தாமல் துணியைப் போட்டுக்கொண்டால் அவருக்குத்தான் அவமானம். இது எனக்குப் பால்குடி மறக்கும் முன்பே தெரியும். தெரிந்துமே வாயை மூடப் பரிசு கொடுத்தேன். வெளிநாட்டுக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான், நம் ஊரில் பிறந்தவன்தான் இப்படி மாட்டுவான்.

"பேரு சொல்லமாட்டேன்!" என்று எடுத்தார். "சத்தியம் பண்ணிட்டேன், சொன்னா நான் கூயாத்தே இல்ல! ஆனா பாருங்க ஜனங்களே, இந்தத் துணி குடுத்தவன் எவனோ, அவன் காட்டெருமைக் குலத்தான்! அவன் பாட்டன் நின்ன எடத்துல காடு நின்னுச்சு! குருஸ்ஸா ஆத்தங்கரையில அவங்க வீட்டு வாசல்!" இன்னும் ஒரு வரி போயிருந்தால் தங்கள் பெயரே வந்திருக்கும். காட்டெருமை என்றால் கோந்தே என்று பாலைவனத்தில் ஒட்டகம் மேய்ப்பவனுக்குக்கூடத் தெரியுமே. என் பெயரை மட்டும் அவர் சொல்லவே இல்லை, சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார்.

தபோலா கூட்டத்தில் பாதிப் பேர் திராவோரே. கோந்தேக்கும் திராவோரேக்கும் உள்ள உறவு தங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? எழுநூறு வருடத்துக் கேலிப் பங்காளிகள். அவர்கள் நம்மை எங்கே கண்டாலும் காராமணி தின்னி என்று கிண்டல் செய்யவேண்டும், நாமும் விடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், கோபப்பட்டவன் தோற்றவன். பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். முதலில் எழுந்தவர் ஃபாமொரோ மாமா.

"ஏய், காராமணி தின்னி!" என்றார். "உங்க குலத்து எருமையை அந்தக் காலத்துல எங்க வேட்டைக்காரங்கதான் அடிச்சாங்க, இன்னும் எங்களுக்கு ஏப்பம் வருது, தெரியுமா?"

கூட்டம் கொண்டாடியது. நான் நாருக்குள் பேசாமல் நின்றேன். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாதா? ஐந்து வயதிலிருந்து பழக்கம். ஆனால் வாயைத் திறந்தால் சனிக்கிழமைக் குரல் வந்துவிடும்.

"பேசலையே! கோந்தே ஒருத்தன் பேசாம நிக்கிறான்! காராமணி தொண்டையில சிக்கிக்கிச்சா?"

அப்போதும் நான் பேசவில்லை. திராவோரே கேலி செய்து கோந்தே பதில் சொல்லாமல் இருந்தால் அது அவரை மதிக்கவில்லை என்று அர்த்தம், அதுவும் எனக்குத் தெரியும். அவர் முகம் மாறியது. கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். கேலிப் பங்காளியின் தொப்பியைப் பிடுங்க திராவோரேக்கு உரிமை உண்டு, யாரும் தடுக்க முடியாது. "மூஞ்சியைக் காட்டுடா, ஊமை எருமை" என்று நார்த் தலையைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. பெரியப்பா, அவர் மூக்குக்கும் என் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

"மாப்ள?" என்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"துறைமுகம்?" என்றார். "கப்பல்? யானை?"

"மாமா, கொஞ்சம் பொறுங்க, எட்டுப் பேரு மேல இருக்காங்க."

"எறங்குடா கீழ!"

"நான் கீழதான் மாமா இருக்கேன்."

அது கிண்டலாகச் சொன்னதல்ல, உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தரையை ஓங்கி ஓங்கி மிதித்தார். அங்கேதான் என் நாசம் தொடங்கியது. எங்கள் ஜெம்பே மேளக்காரன் பாங்காலி மேடையில் யார் கால் அசைகிறதோ அந்தக் காலைப் பார்த்துத்தான் அடிப்பான். கால் நிற்கும்வரை அவன் கை நிற்காது, அதுதான் அவன் வித்தை. நாங்கள் இறங்குவதற்கு அவன் ஒரு தனி அடி வைத்திருக்கிறான், அது கேட்காமல் மேலே இருப்பவர்கள் ஒருவரும் அசையக்கூடாது. ஃபாமொரோ மாமா மிதித்தார், பாங்காலி அடித்தான். மாமா இன்னும் கோபமாக மிதித்தார், பாங்காலி இன்னும் வேகமாக அடித்தான். பலாஃபோன்கள் சேர்ந்துகொண்டன. "பெரிய ஆட்டக்காரரு வந்துட்டாரு!" என்று மாகூரா அம்மாள் திராவோரே குலத்தைப் பாடத் தொடங்கிவிட்டார். யாரோ ஒருவர் ஓடிவந்து, ஆட்டக்காரருக்கு ஒட்டுவதுபோல் மாமாவின் நெற்றியில் ஒரு பண நோட்டை ஒட்டினார். நோட்டு ஒட்டியதில் மாமாவுக்குக் கோபம் இரண்டு மடங்கானது, கால் இன்னும் வேகமாக மிதித்தது.

"மாமா, காலை நிறுத்துங்க! நீங்க நிறுத்தினாத்தான் மேளம் நிக்கும், மேளம் நின்னாத்தான் இவங்க இறங்க முடியும்!"

"என்னை ஆட்டக்காரன் ஆக்கிட்டியேடா! உங்க பெரியப்பன் என் வீட்டுக் கோழியைத் தின்னுட்டுப் பொய் சொல்லியிருக்கான்! நீ வாரா வாரம் யானை விட்ருக்க!" ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மிதி.

வழக்கமாக எண்ணி இருபது மூச்சு நேரம் நிற்போம். அன்றைக்கு எத்தனை மூச்சு என்று எனக்குத் தெரியாது. வியர்வை கண்ணில் இறங்கியது. மேலே எம்பாலியா, "லான்சினே, கை எரியுது, லான்சினே" என்று மெதுவாகச் சொல்வது கேட்டது. அப்போது என் இடது முட்டி ஆட ஆரம்பித்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறை. கல்யாணம் போனது, மானம் போனது, அதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பெண் விழுந்துவிடுவாள் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. "மாமா" என்றேன். "மாமா, என் முட்டி போகுது."

அவர் என் காலைப் பார்த்தார். மேஸ்திரியாக இருந்தவர், பாரம் எங்கே சாய்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியாதா? அடுத்த நிமிடம் வாயை மூடிக்கொண்டு, அங்கியைத் தூக்கிச் சொருகி, எனக்குப் பக்கத்தில் குந்தி, தன் தோளை என் தொடைக்குக் கீழே கொடுத்தார். இரண்டு கையாலும் என் முட்டியைப் பிடித்துக்கொண்டார். அசையாமல் இருந்தார். அவர் கால் நின்றது, பாங்காலியின் கை நின்றது, பிறகு அந்த இறங்கும் அடி கேட்டது. எம்பாலியா இறங்கினாள், ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். மைதானம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது. ஃபாமொரோ மாமா எழுந்து, நெற்றியிலிருந்த நோட்டை எடுத்து பாங்காலியின் மேளத்தின் மேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டார்.

நாந்தெனின் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள்.

"எங்கப்பா அவ்வளவு கேலி பண்றாரு, ஒரு வார்த்தை பதில் சொன்னியா நீ?"

"குரல் தெரிஞ்சிரும்னு..."

"தெரிஞ்சா தெரியட்டும்! வாயில்லாத கோந்தேக்கு மகளைக் குடுத்தான்னு நாளைக்கு எங்க சித்தப்பன்மாரு அவரைச் சும்மா விடுவாங்களா? சர்க்கஸ்ல இருக்கேன்னு எனக்குத் தெரியும். ஊமைன்னு தெரியாது."

அதோடு அவளும் போய்விட்டாள். நேற்றிலிருந்து உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் கால் அவர்கள் வீட்டுப் பக்கமே போகிறது, பாதியில் திரும்பிவிடுகிறேன். காலையில் மட்டும் ஆறு முறை அந்தத் தெருமுனைவரை போய் வந்தேன். கஞ்சி விற்கும் அம்மாள், "தம்பி, ஒண்ணு அந்தப் பக்கம் போ, இல்ல இந்தப் பக்கம் இரு, என் கஞ்சியில தூசி விழுது" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். சர்க்கஸை விட்டுவிட்டேன். யாமூசாவிடம் இன்னும் சொல்லவில்லை, இந்தக் கடிதம் கிளம்பியதும் சொல்வேன். குருஸ்ஸாவுக்கு வந்து தங்கள் வயலில் இறங்குகிறேன், எனக்கென்று ஒரு மண்வெட்டி எடுத்து வையுங்கள், பிடி நீளமானதாக. தாங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. ஃபாமொரோ மாமாவுக்கு ஆள் அனுப்பி, 'சுங்க அதிகாரி என்று நான் சொன்னது பொய், பையன் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை' என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பெண் கிடைக்காது, பரவாயில்லை. அந்த மனிதர் என் முட்டியைப் பிடித்தவர். பொய்யன் ஒருவனின் முட்டியைப் பிடித்தோம் என்று அவர் நினைக்கக்கூடாது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். கால் ஒடிந்த வெள்ளாட்டுக்கு என் விசாரிப்பு. தங்கள் மேல் கூரை ஒழுகாமலும், கூரைக்குக் கீழே சிரிப்பு குறையாமலும், தங்கள் கை கழுவும் தண்ணீர் வற்றாமலும் அல்லாஹ் வைத்திருப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி மகன்,
லான்சினே கோந்தே
(சர்க்கஸ்காரன், நேற்று வரை)

பின்குறிப்பு: டாக்ஸிக்கு இன்னும் இரண்டு பேர் சேரவில்லை, அதனால் கடிதத்தைத் திரும்ப வாங்கி எழுதுகிறேன். தொழுகை முடிந்ததும் லாரிக்கு வெளியே ஒரு சத்தம். "எங்க அந்தக் காராமணி தின்னி?" ஃபாமொரோ மாமா. நாந்தெனின் திட்டியது காதில் இருந்தது. "உள்ளதான் இருக்கேன், திராவோரே! காராமணி தீந்துபோச்சு, உங்க வீட்டுல மூட்டை மூட்டையா இருக்குமே, கொண்டுவந்தீங்களா?" என்றேன். அவர் சிரித்தார் பெரியப்பா, லாரியின் பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

உள்ளே ஏறி வந்து, என் முட்டியை அமுக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பள்ளிவாசல்ல எல்லாரும் கேட்டாங்க, இவன்தான் உங்க சுங்க அதிகாரியான்னு. அட மடப்பசங்களா, கோந்தே சொன்னதைத் திராவோரே நம்புவானா, கெமொகோ கேலிக்குச் சொன்னான், எனக்கு மொத நாளே தெரியும், நானும் கூடச் சேர்ந்து கப்பல் எத்தனைன்னு கேட்டு விளையாடினேன்னு சொல்லிட்டேன்."

"நெசமாவே தெரியுமா மாமா?"

அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "தெரியாது. ஆனா இனிமே தெரியும்" என்றார். கீழே இறங்கிய பிறகு திரும்பி, "என்கிட்ட அவ்வளவு திட்டு வாங்கியும் எட்டுப் பேரையும் கீழ விடலை நீ. எம்மகளையும் விடமாட்ட" என்று சொல்லிவிட்டு, நான் அழுவதைப் பார்க்காதவர்போல் போய்விட்டார்.

ஆகவே பெரியப்பா, மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். மண்வெட்டியை எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். கோலாக்கொட்டையை மென்றிருந்தால் புதிதாக வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். அன்றைக்கு ஊர் முழுவதையும் கூட்டி வைத்துக்கொண்டு, "பையன் என்ன பண்றான்?" என்று அவர் மறுபடியும் தங்களைக் கேட்கப்போகிறார். எல்லோரும் சிரிப்பார்கள், தாங்கள் மட்டும் சிரிக்காமல், போன மாதம் சொன்ன அதே முகத்தோடு, சுங்க அதிகாரி என்று சொல்ல வேண்டும். அங்கே வந்து மனம் திருந்தி உண்மையைச் சொல்லி என் கல்யாணத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.